கிணற்றுப் படியில் சொன்ன பொய்

தெலங்கானா தனி மாநிலம் ஆவதற்கு முந்தைய வருடம். ஐதராபாத், கொண்டாப்பூரில் ஒரு ஃப்ளாட். சனிக்கிழமை மதியம். பதினாலு பேர் முன்னால் நான் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டேன். எட்டு வருடமாக எனக்குள்ளேயே வைத்திருந்த பொய் அது.

முதலில் இருந்து சொல்கிறேன்.

எங்களுக்குக் குடியாத்தம் பக்கம். என் வீட்டுக்காரருக்குப் பட்டான்செருவில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்டு வேலை. நான் மூன்றாவது வரை படித்தவள். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் தெரியாது. கச்சிபௌலியில் கண்ணாடிக் கட்டடங்கள் வரத் தொடங்கிய நேரத்தில் கொண்டாப்பூரில் ஒரு ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. பெருக்க வேண்டும், துடைக்க வேண்டும், டீ போட வேண்டும். ஒரு தனி வீட்டை ஆபீசாக்கியிருந்தார்கள். உள்ளே கம்ப்யூட்டர் கேம் செய்தார்கள்.

அதை நடத்தியவர் தமிழர். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத் வந்துவிட்ட குடும்பம். அவர் பேச்சில் பாதி உருது கலந்திருக்கும். என்னைவிட வயதில் பெரியவர். ஆனாலும் மற்றவர்களைப் போல அவரும் என்னை அக்கா என்றே கூப்பிட்டார். நான் சார் என்பேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. நான் டீ எடுத்துக்கொண்டு உள்ளே போனால் எல்லோரும் மானிட்டரை அணைத்துவிடுவார்கள். "அக்கா வர்றாங்க, ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு" என்று ஒரு குரல் வரும். முதல் வாரம் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. என்னைத் திருடி என்று நினைக்கிறார்களோ என்று. பிறகு சாரே கூப்பிட்டுச் சொன்னார்.

"அக்கா, நாங்க செஞ்ச கேம் எங்களுக்குத் தெரியும். ஒண்ணும் தெரியாத ஒருத்தர் ஆடிப் பாக்கணும். நீங்க எந்த இடத்துல மாட்டறீங்களோ அங்க எங்க தப்பு. அதுக்குத்தான் முன்னாடியே காட்டறதில்ல."

"எனக்கு இதெல்லாம் வராது சார்."

"ஹவ், ஆமா, அதான் வேணும். அதோட நீங்க பேசறதே இல்ல. பேசாத ஆள் எப்படிப் பொய் சொல்லும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்படித்தான் ஆடத் தொடங்கினேன். நாலு அம்பு பட்டன், ஒரு நீளப் பட்டன். சார் பின்னால் ஒரு நோட்டோடு உட்காருவார். நான் மாட்டினால் எழுதிக்கொள்வார். யாரும் எனக்கு வழி சொல்லக் கூடாது. நான் மாட்டின இடத்தை மறுபடி செய்வார்கள். மறுபடி ஆடுவேன். அப்படி இரண்டு கேம் வெளியே போனது. இரண்டும் நன்றாக ஓடின. இன்டர்நெட் சென்டரில் பிள்ளைகள் முறை வைத்துக் காத்திருந்து ஆடியதைப் பார்த்திருக்கிறேன். இது நான் முதலில் ஆடியது என்று நினைத்துக்கொள்வேன். யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாவது கேம் ஒரு கோட்டை. நடுவில் ஒரு படிக்கிணறு. கீழே இறங்க இறங்கத் தண்ணீர் பொங்கி மேலே வரும். அதைச் செய்த பையனுக்கு வாரங்கல். எங்களோடு பழகித் தமிழ் பேசுவான். அவன் அக்காவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அப்பா இல்லாத வீடு. வெள்ளிக்கிழமை நான் ஆடுவது, எங்கும் மாட்டாவிட்டால் அவன் ஊருக்குப் போவது என்று பேச்சு. மாட்டினால் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

வியாழக்கிழமை பின்கட்டில் உட்கார்ந்திருந்தான். டீயை வாங்கினான், குடிக்கவில்லை. கேட்டேன்.

"எந்த இடம் கஷ்டம்?"

"கேக்காதீங்க அக்கா."

"சொல்லு."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். கிணற்றில் ஓடக் கூடாது. எந்தப் பட்டனையும் தொடாமல் படியில் நிற்க வேண்டும். நூறு எண்ணும்வரை அசையாமல் நின்றால் தண்ணீர் அடங்கும், கதவு தெரியும்.

வெள்ளிக்கிழமை ஆடினேன். கிணறு வந்தது. தண்ணீர் பொங்கியது. கையை மடியில் வைத்துக்கொண்டேன். மனசுக்குள் நூறு எண்ணினேன். கதவு திறந்தது. சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அரே! எப்படி அக்கா தெரிஞ்சது?"

"தோணுச்சு சார்."

அவ்வளவுதான் சொன்னேன். சார் நோட்டில் எழுதிக்கொண்டார். பையன் சாயங்கால பஸ்ஸைப் பிடித்தான். திரும்பி வரும்போது கல்யாண லட்டு கொண்டுவந்தான். சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது. அடுத்த மாதமே அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

கேம் கடைக்குப் போனது. ஆடியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கிணற்றில் மாட்டினார்கள். உள்ளே ஏதோ கோளாறு, இதை முடிக்கவே முடியாது என்று பேச்சு பரவியது. கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். ஆபீசில் ஒருவர் கிணற்றைத் திருத்தலாம் என்றார். சார் கேட்கவில்லை. "கிணறு சரியா இருக்கு. அக்காவே ஒரே தடவையில தாண்டினாங்க. சிடியிலதான் கோளாறு" என்றார். புது சிடி போட்டார்கள். அதுவும் திரும்பி வந்தது. பிறகு அவர் கேமை எடுக்கவே கடைகளில் ஆள் இல்லை. ஆபீஸ் மூடியது. கம்ப்யூட்டர்களை வேறு யாரோ ஏற்றிக்கொண்டு போனார்கள். செய்து வைத்த வேலையும் அதோடு போனது.

கடைசி நாள் வாசலில் சார் கேட்டார்.

"நீங்க தாண்டினீங்களே அக்கா. ஊர் முழுக்க ஏன் மாட்டினாங்க?"

கையில் துடைப்பம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சார் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஃப்ளாட்டுகளில் வீட்டு வேலை. வேலைக்குக் குறைவில்லை. ஆனால் பஸ்ஸுக்கோ லிஃப்ட்டுக்கோ சும்மா நின்றால் மனசு தானாக எண்ணத் தொடங்கும். ஒன்று, இரண்டு, மூன்று. நூறு வருவதற்குள் பஸ் வந்தால் நிம்மதி.

எட்டு வருடம் கழித்து சார் போன் செய்தார். குரல் வேறு மாதிரி இருந்தது. சந்தோஷமாக இருந்தது.

"அக்கா, மறுபடி திறக்கறோம். நான் இல்ல, அவங்க திறக்கறாங்க. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். கொண்டாப்பூரிலேயே ஒரு ஃப்ளாட், உள்ளே பதினாலு பேர். சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அந்த கேமை ஆடியவர்கள். இப்போது வளர்ந்து வேலையில் இருக்கிறார்கள். கச்சிபௌலி கம்பெனிகளில் சிலர், பேங்க்கில் ஒருவர், காலேஜ் வாத்தியார் ஒருவர். எங்கோ பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சாரைத் தேடிப் பிடித்து, நீங்க ஆரம்பிங்க சார், நாங்க செஞ்சு தர்றோம் என்றிருக்கிறார்கள். சனி ஞாயிறு வருவார்கள். சம்பளம் கிடையாது. சாப்பாட்டை அவர்களே கட்டிக்கொண்டு வருவார்கள்.

பழைய வேலை ஒன்றும் கையில் இல்லை. மிச்சம் இருந்தது வீட்டு அலமாரிகளில் கிடந்த சிடி மட்டும். அதிலிருந்து படங்களைத் தோண்டி எடுத்தார்கள். பாட்டு கெட்டுப்போயிருந்தது. காலேஜ் வாத்தியார் அதைக் கேட்ட நினைவிலிருந்தே திரும்ப வாசித்தார். சேலத்துப் பெண் ஒருத்தி எட்டாவது படிக்கும்போது கோட்டையின் அறைகளை எல்லாம் கணக்கு நோட்டில் வரைந்து வைத்திருந்தாள். அதை விரித்து வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள்.

"கிணத்துக்குப் பத்தொன்பது படி."

"பதினெட்டுதாண்டி. நான் நாலு மாசம் அதுல உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"பாஸாகாதவன் பேசக் கூடாது, போடா."

சாப்பாட்டை மறந்து ஒரு படிக்குச் சண்டை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவர்களைத் தவிக்கவிட்ட கேம் இது. இதன் மேல் இவ்வளவு ஆசையா?

நான் ஆட வேண்டிய சனிக்கிழமை உள்ளே போனதும் ஒருவன் கத்தினான். "அக்கா வந்துட்டாங்க! மூடு, மூடு!" பதினாலு லேப்டாப்பும் ஒரே நேரத்தில் மூடின. சார் அந்தப் பழைய வழக்கத்தைச் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு அது விளையாட்டாகவும் மரியாதையாகவும் இருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

சார் நாற்காலியை இழுத்துப் போட்டார். போனில் ஆடும்படி செய்திருந்தார்கள். போனை என் கையில் கொடுத்தார்.

"பழைய முறைதான் அக்கா. எட்டு வருஷத்துல உங்களுக்கு எல்லாம் மறந்தே போயிருக்கும். நீங்க ஆடினாத்தான் வெளிய விடுவோம்."

இன்னொரு தடவை கையை மடியில் வைத்து நூறு எண்ணினால் போதும். யாருக்கும் தெரியாது. எல்லோரும் கை தட்டுவார்கள். இவர்கள் செய்ததும் கிணற்றில் போகும்.

போனை மேஜையில் வைத்தேன்.

"நான் ஆடக் கூடாது சார். கிணறு எனக்கு அப்பவே தெரியும். கேட்டு வச்சுக்கிட்டுத்தான் ஆடினேன். தோணுச்சுன்னு சொன்னது பொய்."

பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருந்தவர்கள் காதோடு சொன்னார்கள்.

"கைக்கு அக்கா? ஏன்?" என்றார் சார்.

"அந்தப் பையன் ஊருக்குப் போகணும்னு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அனுப்பியிருப்பேனே."

"ஆமா சார். சொல்லல."

"நான் சிடியக் குறை சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் அக்கா. கிணத்தப் பாக்கவே இல்ல."

சார் எழுந்து பால்கனிக்குப் போனார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கிளம்பிவிடலாம் என்று பையை எடுத்தேன். சேலத்துப் பெண் பையைப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காருங்க அக்கா. நான் எப்படித் தாண்டினேன்னு தெரியுமா? எங்கம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க, அப்படியே போட்டுட்டுப் போனேன். வந்து பாத்தா கதவு திறந்திருக்கு. எப்படின்னே புரியல. நெட்டுல எழுதிக் கேட்டேன். அதுக்குப் பதில் எழுதினவங்கதான் இங்க உக்காந்திருக்கற எல்லாரும். கிணத்துல மாட்டலைன்னா நாங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்திருக்கவே மாட்டோம்."

பேங்க்காரப் பையன் தெலுங்கில் ஏதோ வேகமாகச் சொன்னான். எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். அவள் எனக்குத் தமிழில் சொன்னாள். "பத்தாவதுல மார்க் குறைஞ்சதுக்குப் பழி போட ஆள் தேடிக்கிட்டிருந்தானாம். கிடைச்சுட்டீங்களாம்."

அவர்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. பால்கனியிலிருந்து வர நேரமானது. வந்து உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"சரி. தெரியாத ஆள் வேணும். யாரு இருக்கா?"

"எங்க வீட்டுக்காரர் இருக்காரு சார். நல்லா இல்லாதத நல்லா இருக்குன்னு சொல்ற பழக்கம் அவருக்கு இல்ல."

மறுநாள் ஷிப்டு முடிந்து வந்தவரை அப்படியே கூட்டிப் போனேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து ஆடினார். கோட்டை வாசல், யானை லாயம் எல்லாம் தாண்டினார். கிணறு வந்தது. தண்ணீர் பொங்கியது. செத்தார். மறுபடி இறங்கினார், மறுபடி செத்தார். பன்னிரண்டு தடவை. நான் பின்னால் நின்றேன். வழி என் நாக்கு நுனியில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஏய், உனக்குத் தெரியும்ல? சொல்லித் தொலையேன்."

நான் வாயைத் திறக்கவில்லை.

"இன்னா சார் கிணறு இது? எவன் வெட்டனது? மேல ஏறினாலும் சாவு, கீழ போனாலும் சாவு. நக்கோ சார், வேணாம், ஆள விடுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

பதினாலு பேரும் எழுந்து கை தட்டினார்கள். விசில் அடித்தார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "தோத்தவனுக்கு எதுக்கு சார் கை தட்றாங்க?" என்றார். சார் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து அடியில் கோடு போட்டார். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது அன்னிக்கு எழுதியிருக்க வேண்டியது அக்கா" என்றார். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு வாரம் பெரிய சண்டை. கிணற்றில் கை வைக்கவே கூடாது, அதுதான் அழகு என்றார்கள் பாதிப் பேர். மற்றவர்கள், புதிதாக ஆட வருகிறவனுக்கு ஒரு சின்ன வழியாவது காட்ட வேண்டும் என்றார்கள். கடைசியில் படியில் ஓர் ஆமையை வைத்தார்கள். தண்ணீர் பொங்கும்போது அது அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றி மட்டும் தண்ணீர் அடங்கியிருக்கும். வேறு ஒரு வார்த்தை கிடையாது.

அதற்கும் தெரியாத ஆள் வேண்டும். அந்த வேலையை சார் என்னிடம் கொடுத்தார். அயர்ன் வண்டி அம்மாவைக் கூட்டி வந்தேன். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தேன். ஆட்டோக்காரர் கோபித்துக்கொண்டு போனார். அயர்ன் அம்மா நாலாவது தடவை ஆமையைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். கதவு திறந்தது. "சும்மா இருக்கறதுக்கா இவ்வளவு பேரு?" என்று கேட்டுவிட்டு இஸ்திரி போடப் போய்விட்டார்.

அந்த வருடக் கடைசியில் கேம் போனில் வந்தது. பழைய கம்பெனிப் பேரை வைத்தே வெளியிட்டார்கள். ஃப்ளாட் வாசலில் பெயர்ப் பலகை மாட்டினார்கள். வேலைக்குப் போகும் இடங்களில் பிள்ளைகள் அதை ஆடுவதைப் பார்க்கிறேன். கிணற்றில் மாட்டிக்கொண்டு கத்துவார்கள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன். வாயைத் திறக்க மாட்டேன்.

அன்று அந்த அறையில் ஒருவர்கூட என்னிடம் பரவாயில்லை அக்கா என்று சொல்லவில்லை, அதற்குப் பதில் ஒரு வேலை கொடுத்தார்கள். பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் நான் மறுபடி அங்கே போயிருக்க மாட்டேன் என்று இன்றும் தோன்றுகிறது.