முதலில் உயர்ந்த கை

கரடியனாற்றுப் பக்கம் எங்கள் வயல்வெளியான வட்டையில் எனக்கும் கொஞ்ச வயல் இருக்கிறது. வட்டை முழுவதும் வாய்க்காலின் கடைசியில் கிடக்கிறது. மேலே உள்ள வயல்களெல்லாம் குடித்து முடித்த பிறகுதான் தண்ணீருக்கு எங்கள் நினைவு வரும். சென்ற கோடைச் சிறுபோகத்தில் அது வந்து சேர்வதற்குள் முளைத்த பயிர் கருகிவிட்டது. இந்த முறையும் அப்படி ஆனால் விதைநெல்லுக்கே கடன் கேட்டு அலைய வேண்டிவரும்.

அதனால் சிறுபோகக் கூட்டத்தில் விதைப்பு நாளைத் தள்ளிவைக்கும்படி கேட்பது என்று முடிவு செய்தேன். அதாவது, என் மனைவி முடிவு செய்தாள். நான் எட்டாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன். நாலு பேர் முன் எழுந்தால் எந்தச் சொல் எங்கே போய் முட்டுமோ என்று உள்ளங்கை வேர்த்துவிடும்.

"இஞ்சேருங்க, கைய உயர்த்துங்க. 'ஐயா, ஒரு கதை' எண்டு சொல்லுங்க. அதுக்கு மறுகா நாளத் தள்ளச் சொல்லுங்க. அவ்வளவுதான்," என்றாள். எங்கள் பக்கத்தில் 'ஒரு கதை' என்றால் 'ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்' என்று அர்த்தம்.

"மத்தாக்களுக்கு அந்த நாள் சரியா இருந்தா?"

"மத்தாக்கள்ட வயல் என்ன, ஆத்துக்குள்ளயா கிடக்கு?"

கோயில் மண்டபத்தில் கூட்டம். மின்சாரம் இல்லை. நீர்ப்பாசன அதிகாரி வேர்வையைத் துடைத்துத் துடைத்துத் தண்ணீர் திறக்கும் நாளையும் விதைப்பு முடிக்கும் நாளையும் வாசித்தார். நான் பயந்த அதே நாள்தான். சுற்றிலும் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் கவலை இல்லை. பக்கத்து வயல்காரர் பல் குத்திக்கொண்டிருந்தார். இவர்களுக்கெல்லாம் ஏதோ வழி இருக்கிறது, நான் ஒருவன்தான் வழியில்லாதவன் என்று தோன்றியது.

சொல்ல வேண்டியதை மனதுக்குள் மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். மூன்று தரமும் வேறுவேறாக வந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினேன்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி சொன்னார்: "அப்ப, இதுக்குச் சம்மதமான ஆக்கள் கைய உயர்த்துங்க."

கண்ணைத் திறந்தேன். மண்டபத்தில் உயர்ந்திருந்த ஒரே கை என்னுடையது. கீழே போடலாம் என்று நினைப்பதற்குள் பக்கத்து வயல்காரர் பல்குச்சியோடு கையை உயர்த்தினார். அவருக்குப் பின்னால் இரண்டு கைகள். பிறகு காற்றடித்த நாணல் மாதிரி மண்டபம் முழுவதும் கைகள்.

"நல்லம், எல்லாரும் சம்மதம்," என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

"ஐயா, ஒரு கதை," என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததே எனக்கு ஆச்சரியம்.

"சொல்லுங்க."

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின.

"ஃபேனக் கொஞ்சம் குறைக்கேலுமா?"

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அது காலையிலிருந்தே சுற்றவில்லை.

வெளியே தேத்தண்ணியும் கடிக்க ரோல்ஸும் கொடுத்தார்கள். பக்கத்து வயல்காரர் என் தோளில் தட்டினார்.

"என்ன மச்சான், தண்ணிக்கு என்ன செய்யப் போறாய்?"

"எனக்கு வழியில்ல. உங்களுக்கு?"

"எனக்கும்தான் இல்ல. உன்னப் பாத்துத்தானே கைய உயர்த்தினன். வெயில் நாளிலயும் மழைக்குப் பயந்து குடையோட வாற ஆள் நீ. நீயே பயப்படல்லயெண்டா எங்களுக்கென்ன பயம் எண்டு நினைச்சன்."

அருகில் நின்ற வட்டை விதானையைப் பார்த்தேன். எங்கள் வயல்களின் தண்ணீர் விவகாரங்களைப் பார்ப்பவர் அவர். "எனக்கும் அந்த நாள் சரிவராதுதான்," என்று மெல்லச் சொன்னார். "எல்லாரும் உயர்த்தினாப்போல, நான் மட்டும் என்னத்துக்குக் குறுக்க நிக்கிற எண்டு விட்டுட்டன்."

விசாரித்துப் பார்த்தால், அந்த நாளை விரும்பிய ஒருவர்கூட அங்கே இல்லை. எல்லாரும் பக்கத்தில் இருந்தவருக்காக உயர்த்தியிருக்கிறார்கள். என் பயத்தை நம்பி ஒரு வட்டையே நடக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சந்தோசப்படுவதா, இன்னும் பயப்படுவதா என்று விளங்கவில்லை.

அதிகாரி ரோல்ஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளில் ஏறப் போனார். வட்டை விதானை ஓடிப்போய் மறித்து, நாள் சரிவராதாம் என்றார்.

"இப்பதானே சம்மதிச்சீங்க," என்றார் அதிகாரி. "சரி, ஆருக்குச் சரிவராது? கைய உயர்த்துங்க."

ஒரு கையும் எழவில்லை. சிலர் வானத்தைப் பார்த்தார்கள். பக்கத்து வயல்காரர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடினார். அதிகாரி சாவியைத் திருகினார். கருகிக் கிடந்த பயிர் எனக்குக் கண்ணுக்குள் வந்தது. கையை உயர்த்தினேன்.

"அவன் உயர்த்திட்டான்," என்று யாரோ பின்னால் சொன்னார்கள். அவ்வளவுதான், எல்லாக் கைகளும் மேலே.

"மறுகா எந்த நாள் வேணும்?" என்றார் அதிகாரி.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இன்னும் பத்து நாள் தள்ளி," என்றேன்.

பத்து என்பது எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது. அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "என்ன, நாள் தள்ளினாங்களா?"

"ஓம். நான் சொன்ன நாள்தான்."

"மறுகா ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?"

"தண்ணி வந்து சேரப் பத்து நாள் காணுமா எண்டு ஒராளும் கேக்கல்ல, புள்ள."

அவள் சோறு போட எழுந்து போனாள். நான் வாய்க்காலைப் பார்க்கப் போனேன்.