லைட்டை நூருங்கோ

ரொறன்ரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாசி மாதம் அது. ஊரெல்லாம் பனி வழித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் பிலிப்பைன்சில், பெயர்கூட வாயில் ஒழுங்காக நுழையாத ஒரு சின்னத் தீவில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் என் சொந்தக்காரர் இன்றைக்கும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

நான் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே என்னோடு வேலை செய்கிற ஒரு பிலிப்பினோ பெண்ணை எல்லோரும் 'ஆத்தே' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களுடைய மொழியில் அக்கா என்று அர்த்தம். என்னையும் அவரையும் கூட்டாளிகளாக்கியது கருவாடுதான். மோர்னிங்சைட்டில் நாங்கள் இருக்கும் அப்பார்ட்மெண்டில் நான் கருவாடு பொரித்தால், சட்டி ஆறுவதற்கு முன்பே யாராவது மணக்குது என்று கீழே ஒஃபீசுக்குப் போன் அடித்துவிடுவார்கள். ஆத்தே இருக்கிற கட்டடத்திலும் அதே கதைதான். இரண்டு பேரும் பல்கனிக் கதவைத் திறந்துவைத்து, கள்ளர் மாதிரிக் கருவாடு பொரிக்கிற ஆட்கள். பிறகு கூட்டுச் சேராமல் இருக்க முடியுமா?

ஆத்தேயின் ஊர்ப் பெண்கள் பலர் இங்கே தாதிகளாகவும் பிள்ளை பார்ப்பவர்களாகவும் இருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து ஊருக்கு ஒரு தொழில் செய்து கொடுக்க நினைத்தார்கள். அந்தத் தீவில் ஐஸ் கிடையாது. பிடித்த மீனை அன்றைக்கே வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் பழுதாகிவிடும். அதனால் அங்குள்ள பெண்கள் தாங்களே கருவாடு போட்டு, எதிர்க்கரைப் பட்டணத்தில் விற்பதென்று திட்டம். வெயிலை உள்ளே விட்டு மழையை வெளியே நிறுத்துகிற பிளாஸ்டிக் கூரை போட்டு ஒரு கொட்டகை, அதற்குள்ளே மூங்கில் தட்டுகள், மேலே ஈ வராமல் வலை. ஆத்தே படத்தைக் காட்டினார். நான் சும்மா இருந்திருக்கலாம். "தட்டு இவ்வளவு பதிவாக, நிலத்தோடு ஒட்டி இருந்தால் மண் ஏறும், நாய் வந்து நக்கும்" என்றேன். அவ்வளவுதான், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆத்தே லீவுக்கு ஊருக்குப் போகும்போது என்னையும் இழுத்துக்கொண்டு போவதென்று முடிவாகிவிட்டது.

என் கணவர்தான் கேட்டார். "உமக்குக் கடலைக் கண்டாலே நடுக்கம். தீவுக்கு என்னெண்டு போவீர்?"

"பகலிலதானே போறது. பகலில எனக்கு ஒண்டுமில்லை" என்றேன்.

அவர் கேட்டதில் பிழையில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது, சண்டைக் காலத்தில், அம்மாவோடும் கைக்குழந்தைத் தம்பியோடும் கிளாலிக் கடலை இருட்டில் வள்ளத்தில் கடந்தவள் நான். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற அப்போது இருந்த வழி அதுதான். ஏறும்போதே சொல்லிவிட்டார்கள், லைட் அடிக்கக்கூடாது, கதைக்கக்கூடாது, வெளிச்சம் தெரிந்தால் நேவிக்காரர் சுடுவாங்கள் என்று. அம்மா தம்பியைச் சேலைக்குள்ளே அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கொஞ்சம் தள்ளிப் போன வள்ளத்தில் யாரோ டோர்ச் அடித்தார்கள். எதற்கு அடித்தார்களோ தெரியாது, ஏதாவது பொருள் விழுந்திருக்கும். உடனே எங்கள் வள்ளத்தில் இருந்த எல்லோரும் அடித்தொண்டையில் "லைட்டை நூருங்கோ, லைட்டை நூருங்கோ" என்று கெஞ்சினார்கள். அவர்கள் அணைப்பதற்குள் வெடிச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அந்தத் திசையில் ஒரு சத்தமும் இல்லை.

கனடாவுக்கு வந்து பெற்ற பிள்ளைகள் யூனிவர்சிட்டிக்கும் போய்விட்டார்கள். ஆனாலும் கனடா டேக்கு வாணவேடிக்கை தொடங்கினால் நான் வீட்டு லைட்டையெல்லாம் அணைத்துவிட்டுச் சோபாவில் குந்திக்கொண்டிருப்பேன். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் ஃபயர்வேர்க்ஸ்" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கும் தெரியும். கைக்குத்தான் தெரியாது, அது தன்பாட்டில் சுவிச்சுக்குப் போய்விடும்.

சரி, தீவுக்கு வருவோம். அங்கே பெண்கள் குழுவுக்கு ஒரு தலைவி இருந்தார். மெலிந்த, குரல் பெரிய மனுசி. கொட்டகைக்குள் நான் போன முதல் நாளே எங்களுக்குச் சண்டை. தட்டுகளை உயர்த்திக் கட்ட வேண்டும் என்றேன். உயர்த்தினால் கட்டையான பெண்களுக்குக் கை எட்டாது, குனிந்து வேலை செய்து தங்களுக்குப் பழக்கம் என்று அவர் ஆத்தேயிடம் சொல்லி, ஆத்தே எனக்கு இங்கிலீசில் சொல்வார். நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. அந்தத் தட்டுகளில் யாராவது சாய்ந்து நின்றால்கூட அவருக்குப் பொறுக்காது. கோழி ஒன்று கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தாலும் தும்புத்தடியோடு கலைத்துக்கொண்டு ஓடுவார். அந்த மூங்கிலைக் காட்டில் வெட்டி, சுமந்து, பிளந்து கட்டியவர்கள் அந்தப் பெண்கள்தான். அதிலிருந்து வரும் முதல் வருமானத்தில் யார் கூரை மாற்றுவது, யார் பிள்ளையைப் படிக்க அனுப்புவது என்று எல்லாம் பேசி வைத்திருந்தார்கள்.

முதல் கருவாட்டைப் பட்டணத்துக்குக் கொண்டுபோன நாள்தான் அது நடந்தது. வள்ளக்காரர், ஆத்தே, நான் என்று மூன்று பேர். அவர்களுடைய வள்ளம் ஒடுக்கமானது. கவிழாமல் இருக்க இரண்டு பக்கமும் மூங்கில் கைகளை நீட்டிக் கட்டியிருக்கும். காலைக் கடல் தகடு மாதிரிக் கிடந்தது. விற்று முடித்து, அடுத்த தரம் கருவாடு போட உப்பு மூட்டைகளும் வலையும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். பகலோடு போய்விடலாம் என்று வள்ளக்காரர் சொன்னதால் நானும் ஏறினேன்.

பாதிக் கடலில் வானம் கறுத்தது. மழை வந்த விதத்தை மழை என்று சொல்ல முடியாது. கடலுக்கும் வானத்துக்கும் நடுவிலே இடமே இல்லை. எஞ்சின் இருமிக்கொண்டு நின்றுவிட்டது. அலை ஏறி உள்ளே விழ விழ, நானும் ஆத்தேயும் சட்டியால் தண்ணீரை அள்ளி ஊற்றினோம். வள்ளக்காரர் உப்பு மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடலில் போட்டார். ஆத்தே வாய்விட்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. எனக்கு அம்மாவின் சேலைதான் ஞாபகம் வந்தது.

மழை விட்டபோது பொழுது இறங்கிவிட்டது. அங்கே சூரியன் போனால் உடனே இருட்டுத்தான், எங்கள் ரொறன்ரோக் கோடை மாதிரி இழுத்துக்கொண்டு நிற்காது. தீவு எந்தப் பக்கம் என்று வள்ளக்காரருக்கே தெரியவில்லை. நீரோட்டம் எங்களை எங்கேயோ கொண்டுபோய் விட்டிருந்தது. ஆத்தேயின் போனும் என்னுடையதும் உப்புத் தண்ணீரில் ஊறிச் செத்துப்போயிருந்தன. மிஞ்சியிருந்தது வள்ளக்காரரின் டோர்ச் ஒன்றுதான்.

அப்போது தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது. எங்களைத் தேடித்தான் ஊர்க்காரர் வந்திருக்கிறார்கள். வள்ளக்காரர் எழும்பி நின்று டோர்ச்சை அடித்து, தலைக்கு மேலே ஆட்டினார்.

பிறகு நடந்ததை எனக்கு முழுதாகச் சொல்லத் தெரியாது. இருட்டுக் கடல், தூரத்தில் எஞ்சின், எங்கள் வள்ளத்தில் வெளிச்சம். "லைட்டை நூருங்கோ! லைட்டை நூருங்கோ!" என்று ஒரு பெண் கத்துகிறாள். அது நான்தான். அந்த இடத்தில் தமிழ் தெரிந்தவர் வேறு யார் இருக்கிறார்கள்? பாய்ந்துபோய் அந்த மனுசனின் கையைப் பிடித்துப் பறித்தேன். வள்ளம் ஒரு பக்கம் சரிந்தது. டோர்ச் விளிம்பில் பட்டுத் தண்ணீருக்குள் போனது. போகும்போதும் எரிந்துகொண்டே போனது, கொஞ்ச தூரம் வரைக்கும் பச்சையாகத் தெரிந்தது. நான் வள்ளத்தின் அடியில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டேன்.

எஞ்சின் சத்தம் எங்களைத் தாண்டி வேறு பக்கம் போனது. ஆத்தேயும் வள்ளக்காரரும் தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள். சத்தம் சிறுத்து, சிறுத்து, இல்லாமலே போய்விட்டது.

அந்த அமைதியில்தான் எனக்கு அறிவு வந்தது. இங்கே யாரும் சுட வரவில்லை, காப்பாற்ற வந்தவர்களைத்தான் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்று விளங்கியபோது எனக்கு வந்த பயம், கிளாலியில்கூட வராத பயம். அப்போது யாரோ எங்களைக் கொல்லப் பார்த்தார்கள். இப்போது இந்த இரண்டு பேரையும் நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஆத்தே ஒரு வார்த்தை ஏசவில்லை. என் முதுகில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

எவ்வளவு நேரம் அப்படி மிதந்தோமோ தெரியாது. வள்ளக்காரர் திடீரென்று ஏதோ சொன்னார். தலையைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் முடிகிற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அது பெருத்தது. பிறகு நெருப்பாக எழும்பியது.

"அங்க போகவேண்டாம். எரியுது. அடிச்சிட்டாங்கள், அங்க போகவேண்டாம்" என்று நான் மறுபடியும் தமிழில் தொடங்கிவிட்டேன். கரையில் நெருப்பு என்றால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஆத்தே என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "என்னைப் பார். அது எங்கள் ஊர். எங்களைக் கூப்பிடுகிறார்கள்" என்று இங்கிலீசில் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரித் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு என் கையில் ஒரு துடுப்பைத் தந்தார்.

அந்த நெருப்பைப் பார்த்துத் துடுப்புப் போடுவது மாதிரிக் கஷ்டமான வேலையை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை. ஒவ்வொரு தரம் துடுப்பை இழுக்கும்போதும் உடம்பு திரும்பி ஓடு என்றது. கிட்டப் போகப் போகக் காற்றில் ஒரு மணம் வந்தது. கருவாடு கருகுகிற மணம். ஆத்தேதான் முதலில் துடுப்பை நிறுத்தினார். "எங்கள் தட்டுகள்" என்றார்.

பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் கைகோத்து வரிசையாக நின்று வள்ளத்தைப் பிடித்து இழுத்தார்கள். என்னை யாரோ தூக்கி மணலில் இருத்தினார்கள். கொட்டகை இருந்த இடத்தில் நெருப்பு இன்னும் நின்று எரிந்தது. தலைவி வந்தார், முகமெல்லாம் கரி, புருவம் பொசுங்கியிருந்தது. தேடிப் போன வள்ளம் ஒன்றும் காணாமல் திரும்பியதும், தட்டுகளை உடைத்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியது அவர்தான் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

நான் நெருப்பைக் காட்டி அழுதேன். டோர்ச்சை நான்தான் பறித்தேன், என்னால்தான் எல்லாம் என்று ஆத்தேயைச் சொல்லச் சொன்னேன். அவரும் சொல்லியிருக்க வேண்டும். தலைவி கேட்டுவிட்டுத் தோளைக் குலுக்கினார். ஏதோ சொல்லிவிட்டு, எனக்குப் போர்க்கத் துணி எடுக்கப் போய்விட்டார். என்ன சொன்னார் என்று ஆத்தேயைக் கேட்டேன்.

"விறகெல்லாம் மழையில் நனைந்துவிட்டது, காய்ந்து கிடந்தது இது ஒன்றுதான் என்கிறாள். அடுத்த முறை நீ சொன்ன உயரத்திலேயே கட்டுவாளாம்."

நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். கட்டையான பெண்களுக்கு எட்டாதே, பழைய உயரத்திலேயே கட்டச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

ரொறன்ரோவுக்குத் திரும்பி, வேலையில் ஒரு பிரேக் நேரம் ஆத்தேக்குக் கிளாலிக் கதையைச் சொன்னேன். அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைக்காமல் கேட்டார். இங்குள்ள அவர்களுடைய ஊர்ப் பெண்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தட்டுகள் எரிந்ததைக் கேட்டு ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. திரும்ப எப்போது கட்டத் தொடங்கலாம் என்றுதான் கதைத்தார்கள். இப்போது கொட்டகை மறுபடியும் நிற்கிறது. கருவாடும் ஒழுங்காகப் பட்டணத்துக்குப் போகிறது. தட்டுகள் இன்னும் பதிவாகத்தான் இருக்கின்றன, நாய் நக்குகிறதோ என்னவோ, நான் கேட்பதில்லை.

போன கனடா டே அன்று வாணவேடிக்கை தொடங்கியதும் வழக்கம்போல் என் கை சுவிச்சுக்குப் போனது. பயம் போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கேயோ ஒரு கரையில் நின்ற ஒருத்தி, தன்னிடம் காய்ந்திருந்த ஒரே பிழைப்பைக் கொளுத்தி எனக்கு வழி காட்டியிருக்கிறாள். அதை நினைத்தபோது என் வீட்டு லைட்டை நூர்க்க எனக்கு மனம் வரவில்லை.