அத்தா ஜெயித்த கேம்

கேம் விளையாடினால் திட்டு விழும் எங்கள் வீட்டில், கேம் செய்வதற்கு மட்டும் எப்படியோ அனுமதி கிடைத்துவிட்டது. அண்ணாமலை நகரில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டு, சிதம்பரத்தில் எங்களோடு தங்கியிருந்த மாமாதான் அதற்குக் காரணம். “வெளையாடுனாதான்க்கா வெட்டிப் பொழுது. செஞ்சா அது படிப்பு” என்று அம்மாவிடம் சொல்லி, என்னைத் தன் லேப்டாப் முன்னால் உட்காரவைத்தார். நான் அப்போது நாலாம் வகுப்பு.

சவூதியில் ட்ரெய்லர் ஓட்டும் அத்தா, அதாவது என் அப்பா, லீவில் வந்திருந்த நேரம். அவர் திரும்பிப் போவதற்குள் ஒரு கேம் செய்து, அதில் அவர் ஜெயிப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. தொழுதுவிட்டு துஆ கேட்கும்போதுகூட அல்லாஹ்விடம் அதைத்தான் கேட்டேன்.

என்ன கேம் என்று மாமா கேட்டார். அத்தாவை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடும் கார் என்றேன். எனக்குத் தெரிந்த பெரிய பயணம் அது ஒன்றுதான். திரையின் இடது ஓரத்தில் எங்கள் வீடு, வலது ஓரத்தில் விமானம். வழியில் புதுச்சத்திரத்து ஆடுகள், கடலூர் முதுநகர் மீன் வண்டி. நடுவில் ஒரு பள்ளிவாசல். கார் அங்கே தானாக நின்று, தொழுகை முடித்துத்தான் கிளம்பும். கட்டளை எழுதிய வண்ணக் கட்டங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக மாட்டினால் படம் நகர ஆரம்பித்துவிடுவது எனக்குக் கண்கட்டு வித்தை போல இருந்தது. முதல் நாள் இடது பக்கம் திருப்பியதும் கார் கவிழ்ந்து, சக்கரம் மேலே நின்றது.

“ஏம்மா, எங்க மச்சான தலகீழாவா அனுப்பப் போற?” என்றார் மாமா. அதைச் சரி செய்துவிட்டுக் கேட்டார்: “எதுலயாச்சும் இடிச்சா என்னா ஆவணும்? அத நீதான் சொல்லணும்.”

யோசித்தேன். “திரும்ப வீட்டுக்கே வந்துடணும். மொதல்லேர்ந்து போவணும்.”

“நல்ல தண்டனதான்” என்று சொல்லி அதற்கும் கட்டம் மாட்டக் கற்றுக்கொடுத்தார்.

அத்தா விளையாட உட்கார்ந்தார். முதல் ஆட்டிலேயே இடித்தார். கார் எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. “வந்துட்டேன் பாரு, டீ போடு” என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார். மறுபடி கிளம்பி, மீன் வண்டியில் இடித்தார். “வந்துட்டேன், சோத்தப் போடு.”

“இப்பதான போனீங்க, அதுக்குள்ளயா?” என்று அம்மா கரண்டியோடு வந்து நின்று சிரித்தார்.

“மச்சான், ஒங்களுக்கு யாரு லைசென்ஸ் குடுத்தது?” என்றார் மாமா.

“ஆடு குறுக்க வந்தா நான் என்னாப்பா பண்றது?”

ஆடு குறுக்கே வரவில்லை. இவர்தான் ஆட்டைத் தேடிப் போனார். தினமும் இதே கதை. வீடே சிரித்துக் கிடந்தது. எனக்கு மட்டும் அழுகை முட்டியது. பாலைவனத்தில் அவ்வளவு பெரிய வண்டி ஓட்டுகிறவருக்கு ஓர் ஆட்டுக்கு ஒதுங்கத் தெரியவில்லையே என்று பொத்தான் பொத்தானாகச் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றும் ஏறவில்லை.

அவர் சவூதிக்குக் கிளம்பும் நாள் வந்துவிட்டது. காலையில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு நானே லேப்டாப்பைத் திறந்து, ஆடுகளையும் மீன் வண்டியையும் அழித்தேன். பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அத்தாவை இழுத்துவந்தேன்.

“ஆடெல்லாம் எங்கம்மா?”

“எடுத்துட்டேன் அத்தா. இனிமே எதுலயும் இடிக்க மாட்டீங்க. நேராப் போயிடலாம்.”

அத்தா அந்த வெறும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்தேன். பிஸ்மி சொல்லி அழுத்தினார். கார் பள்ளிவாசலில் நின்று, தொழுதுவிட்டு, நேராகப் போய் விமானத்தைத் தொட்டது. லேப்டாப்பிலிருந்து கைதட்டல் சத்தம் கேட்டது.

என் துஆ கபூலாகிவிட்டது, அல்லாஹ் ஏற்றுக்கொண்டுவிட்டான் என்று குதித்தேன். மாமா எந்தக் கிண்டலும் செய்யவில்லை. அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். அத்தா என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்; அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு கேமில் ஜெயித்தால் பெரியவர்களுக்கு இவ்வளவு சந்தோஷம் வருமா என்று எனக்கு ஆச்சரியம்.

“இன்னொரு தடவ ஜெயிக்கிறீங்களா அத்தா?” என்று கேட்டேன்.