பேர் சொல்லாத மெழுகுதிரி

வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்த வருடம் அது. வேலை விஷயமாக லண்டன் போயிருந்த நான், ஒரு மழை நாளில் தேம்ஸ் கரையோரத்துப் பழைய பேராலயம் ஒன்றைத் தனியாகச் சுற்றிப் பார்க்கப் போனேன். உயரமான கல்தூண்களுக்கு நடுவே, தொளதொளத்த கறுப்புக் கோட்டுடன் நரைத்த தாடிக்காரர் ஒருவர் காவலுக்கு நின்றார். பயணிகள் எழுந்துபோன நாற்காலிகளை ஓசைப்படாமல் நேராக்கி வைத்துக்கொண்டே இருந்தார். என்னைக் கண்டதும் அருகே வந்தார்.

“தமிழோ?”

“ஆமாங்க, சென்னை.”

“நான் மன்னார்,” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “டியூட்டியிலை நிக்கிறன், எனக்கு ஏலாது. எனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துவியளோ?”

“கண்டிப்பா. யார் பேருக்குங்க?”

அவர் பக்கத்து நாற்காலி ஒன்றை நேராக்கி வைத்தார்.

“பேர் வேண்டாம் தம்பி. பேர் சொன்னா, செத்த ஆக்களுக்குக் கொளுத்தின மாதிரி இருக்கும். ரெண்டு மாசமாத் தகவல் இல்லை, அவ்வளவுதான்.”

கொளுத்திவிட்டுத் திரும்பினேன். அவர் வாசலில் யாருக்கோ ஆங்கிலத்தில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். சுடர் இருந்த பக்கம் அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாத நான், மெழுகுதிரி பாதி கரையும்வரை அங்கேயே நின்றேன். அவர் காத்திருந்தது மகனுக்கா, மனைவிக்கா, இன்றுவரை எனக்குத் தெரியாது.