ஆகாசத்தில் ஒரு கீல்

எண்பதுகளில் நான் களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயராக இருந்தேன். மட்டாஞ்சேரியிலிருந்து போட்டில் எறணாகுளம் போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். புதிய உதிரிபாகங்களை விண்வெளியில் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு சின்னச் செயற்கைக்கோள் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் எங்கள் பங்கு ஒரு கீல். மேலே போனதும் உள்ளங்கை அகலத் தகடு ஒன்றை அது திறக்க வேண்டும். முழுக்கத் திறந்தால் ஒரு சுவிட்ச் தரைக்குச் சேதி அனுப்பும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுக்குப் புகுந்த வீட்டில் மதிப்பே இல்லை. என் மாமனார் அரிசி மொத்த வியாபாரி.

"மழை எப்போ வரும்னு அது சொல்லுமோ?"

"சொல்லாதுப்பா."

"படம் எடுக்குமோ?"

"எடுக்காது. கீல் திறக்கறதான்னு பார்க்கும்."

"நம்ம கோடவுன் கதவுக்கும் கீல் உண்டே. தொறந்து பார்க்க ஆகாசத்துக்கா போறோம்?"

காற்றில்லாத இடத்தில் எண்ணெய் ஆவியாகிவிடும், குளிரில் உலோகம் இறுகும் என்று விளக்கி விளக்கி அலுத்துப்போனேன்.

அலுவலகத்திலும் அலுப்புதான். ஒரு சுவிட்ச் போதாது, இரண்டு வைக்கலாம் என்று கெஞ்சினேன். எடை கூடும் என்று மேலதிகாரி மறுத்துவிட்டார். என்ன பெரிய எடை? நாலு ஏலக்காய் எடை.

செயற்கைக்கோள் ஒழுங்காகவே மேலே போனது. கீலுக்குக் கட்டளையும் போனது. சுவிட்சிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் தகட்டின் உட்புறம் ஒட்டியிருந்த சூரியக் கலங்களிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருந்தது. தகடு மூடியிருந்தால் அவை இருட்டில் அல்லவா கிடக்கும்? ஓடிப்போய் மேலதிகாரியிடம் சொன்னேன்.

"பாதி தொறந்தாலும் வெளிச்சம் உள்ளே கேறுமே, மேடம்," என்றார். "முழுக்கத் தொறந்துதுன்னு எப்படி எழுதறது?"

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஆய்வுக் கூட்டத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "ஏன் ஒரே ஒரு சுவிட்ச் வெச்சீங்க?" என்று கேட்டார். மேலதிகாரி வாய் திறப்பார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ரெண்டு கேட்டேன் சார். எடை கூடும்னு வேண்டாம்னுட்டாங்க," என்றேன். அதன் பிறகு யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த செயற்கைக்கோளில் மறுபடி சோதிப்பது என்று முடிவாயிற்று.

வீட்டில் நுழைந்ததும் மாமனார் கேட்டார்: "தொறந்துதா, இல்லியா?"

"தொறந்திருக்கும். ஆனா தொறந்துதுன்னு எழுதப்படாதாம்."

"இதென்ன அக்கிரமம்!" என்று எனக்காக முதல்முறையாகக் கோபப்பட்டார்.

மறுநாளே பஜார் முழுக்க, தன் மருமகளின் கீல் ஆகாசத்தில் திறந்துவிட்டதாகச் சொல்லி வைத்திருந்தார். திருத்த எனக்குத் தெம்பில்லை.