‘பிடி’ என்று சொல்லாத வீடு

சிமிண்டுத் தளத்தில் நகம் படும் சத்தம். டக், டக், டக். சுவர் வந்ததும் ஒரு நிறுத்தம், ஒரு திரும்பல், மறுபடியும் டக், டக், டக். பக்கத்து வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு ஒரு அல்சேஷன் நாயை வரவழைத்திருக்கிறார். வாலிபத்திலிருந்தே இருந்த ஆசையாம். அந்த நாயை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் அந்த வீட்டின் நீளத்தை அதன் நகத்தை வைத்தே காதால் அளந்துவிட்டேன். ஓட வேண்டிய ஒன்று நடந்துகொண்டிருக்கும் சத்தம் அது. எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். என்னை அறியாமல் என் கை இடுப்பைத் தேடுகிறது, அங்கே இருக்க வேண்டிய பிள்ளையைத் தேடுகிறது.

கோவில்பட்டிக்கு மேற்கே கரிசல் காட்டில் பிறந்தவள் நான். கண்ணுக்கு எட்டிய மட்டும் பருத்தியும் கம்பும், அதற்கப்பால் வானம். எங்கள் பக்கத்தில் கன்னி என்று ஒரு நாய்ச்சாதி உண்டு. நெட்டைக் கால், ஒட்டிய வயிறு, கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேல் இரண்டு செம்பொட்டு. கல்யாணமாகிப் போகிற பெண்ணோடு அந்தச் சாதியில் ஒரு குட்டியை அனுப்புவார்கள். அதனால்தான் அந்தப் பெயர் என்பார்கள். என்னைக் கட்டியவர் பாளையங்கோட்டைக் கச்சேரியில் குமாஸ்தா. அவருக்கு மோதிரம் வேண்டாம், கடிகாரம் வேண்டாம், கன்னி ஒன்று வேண்டும். குட்டியாக வேண்டாம், வேட்டை பழகியதாக வேண்டும். பெண் பார்க்க வந்தபோது என் தகப்பனாரோடு ஒரு விடியலில் முயல் வேட்டைக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு பெண் நாய் ஓடியதைப் பார்த்துவிட்டு வந்தவர், என்னைச் சரியாகப் பார்த்தாரா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

அப்பா தயங்கினார். ஆற்றங்கரை ஊருக்கு இது ஆகாது, வேறு குட்டி தருகிறேன் என்றார். மாப்பிள்ளை விடவில்லை. எங்கள் கூட்டுவண்டிக்குப் பின்னால் அந்த நாய் நடந்து வந்தது. செம்மண் வந்து, பனை வந்து, பிறகு வாழையும் நெல்லும் வந்து, தாமிரபரணியின் ஈரவாடை முகத்தில் அடித்தபோது அது நின்றுவிட்டது. வண்டிக்காரன் கயிற்றை இழுக்க வேண்டியிருந்தது. நானும் வண்டிக்குள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். என்னை இழுக்கக் கயிறு தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

பாளையங்கோட்டையில் நாய் ஆசை இல்லாத ஆம்பளை இல்லை என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வேதக்கோவில் சுவர் நிழலில் நிற்பார்கள். தர்ம ஆஸ்பத்திரிக் கம்பவுண்டருக்குத் துரை வீட்டு புல்டாக்கின் மேல் கண். சித்திரை வெயிலில் அது நாக்கைத் தொங்கவிட்டு இழுக்கிற மூச்சைக் கேட்டால் அவரே அதற்கு மருந்து கலக்க வேண்டிவரும். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்குக் கோம்பை. புலியை எதிர்க்கிற சாதி என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவார், தெருப்பூனை குறுக்கே போனால் வேட்டியைத் தூக்கிக்கொள்வார். தையற்காரருக்கு ராஜபாளையம், பால் வெள்ளையில், மூக்கு ரோஜா நிறத்தில். அவருக்கு இருந்தது ஒரே அறை, அதில் மனைவி, மாமியார், நான்கு பிள்ளைகள், ஒரு தையல் மிஷின்.

“நாய் வந்தா நீரு எங்கன படுப்பீரு வே?” என்று கம்பவுண்டர் கேட்பார்.

“மிஷினுக்கு அடியில. இப்பமும் அங்கனதானே படுக்கேன்” என்பார் தையற்காரர்.

அவர்கள் சிரிப்பார்கள். என் கணவர் சிரிக்கமாட்டார். ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டவர் அவர் ஒருவர்தான். நாய்க்கு ஒரு மகாராணியின் பெயரை வைத்தார். அது அந்தப் பெயருக்கு ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

அது திரும்பிப் பார்ப்பது ஒரே சொல்லுக்கு. பிடி.

எங்கள் அப்பா வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லமாட்டார்கள். செம்பைக் கொடுத்தால் ‘வாங்கு’ என்போம். கயிற்றை நீட்டினால் ‘இறுக்கிக்கோ’ என்போம். குழந்தையைத் தந்தால் ‘எடு’. காட்டில் முயல் எழும்பும்போது மட்டும், அப்பாவின் வாயிலிருந்து மட்டும், கல்லெறிந்த மாதிரி வரும் அந்தச் சொல். அதற்குப் பிறகு நாய் இருக்காது, ஒரு கோடு இருக்கும். வேட்டை நாய் வளர்க்கிற வீடுகளில் எல்லாம் அதுதான் வழக்கம். அந்தச் சொல் வீட்டுக்குள் வாழ்கிற சொல்லே இல்லை என்று நினைத்து வளர்ந்தவள் நான்.

புகுந்த வீட்டில் கணவரின் அக்காதான் எல்லாம். இளம் வயதிலேயே விதவையானவர், மிஷன் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. மைனி என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷி, வாய் கொஞ்சம் கூர்மை. நான் வந்த மறுநாள் காலையில் தண்ணீர்க் குடத்தை என்னிடம் நீட்டி, “இந்தா பிடி” என்றார். முற்றத்து மூலையில் சுருண்டிருந்த நாய் எழுந்துவிட்டது. காது நிமிர்ந்தது. அந்தச் சிறிய முற்றம் முழுவதையும் ஒருமுறை கண்ணால் துழாவியது. ஓடுவது எதுவும் இல்லை. மெதுவாக மறுபடியும் படுத்தது. 

நான் பைய விஷயத்தைச் சொன்னேன். மைனி சிரித்துவிட்டார்.

“ஏளா, ராத்திரியில பாம்பப் பூச்சிங்கது, நாய்க்கு முன்னால ‘பிடி’ங்காம இருக்கது. ஞானஸ்நானம் வாங்கி மூணு தலைமுறை ஆச்சு, இன்னுமா ஒங்க வீட்டுல இந்த அஞ்ஞானம்? ஒரு வார்த்தைக்குப் பயந்தா வேதத்த எப்படி வாசிப்ப?”

அதற்குப் பிறகு நான் அதைப் பேசவில்லை. ஆனால் என் காது பேசாமல் இருக்கவில்லை. தமிழில் அந்தச் சொல் எங்கெல்லாம் பதுங்கியிருக்கிறது என்று அப்போதுதான் கண்டேன். ஒரு பிடி அரிசி. கதவின் கைப்பிடி. சளி பிடித்திருக்கிறது. மழை பிடித்துக்கொண்டது. இரவு ஜெபத்தில் என் கணவர் கண்ணை மூடி, எங்கள் கரம் பிடித்து நடத்தும் ஆண்டவரே என்று உருகும்போது, கண்ணை மூடாமல் நான் பார்த்திருக்கிறேன். வாசற்படியில் அதன் காது நிமிரும், சரியும், நிமிரும். அவர் அதன் முதுகைத் தடவிக்கொடுத்து, “இதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்” என்பார். ஆசைக்கும் அதே சொல்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

விடியற்காலையில் அதைக் கயிற்றில் கட்டி ஆற்றங்கரைக்கு நடத்திப் போவார். துரைமார் நடக்கிற மாதிரி ஒரு தடியும் வைத்துக்கொண்டு நடப்பார். அங்கே என்ன இருக்கிறது? சேறு, வரப்பு, வண்ணான் கல், குளிக்கிற ஜனம். அவிழ்த்துவிட்டால் நெல்லில் பாயும், ஊர்க்காரர் ஏசுவார்கள், அதனால் அவிழ்த்ததே இல்லை. வந்த அன்று துள்ளிக்கொண்டிருந்தது, மாதம் போகப் போக அடங்கியது. என்ன சாந்தம் பாரு என்று தெருவில் எல்லோரும் மெச்சினார்கள். எனக்கு அது சாந்தமாகத் தெரியவில்லை. மடையை அடைத்த குளத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறுகிற மாதிரி, ஓடாத ஓட்டமெல்லாம் அதற்குள் ஏறிக்கொண்டிருந்தது. ஒருநாள் மைனி மதிலுக்கு மேலே முறத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நீட்டி ‘பிடி’ என்றார். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சேவல் ஓடிற்று. நாய் மதிலைத் தாண்டியதை நாங்கள் பார்க்கவில்லை. அது சேவலோடு நின்றதைத்தான் பார்த்தோம். தற்செயல் என்றார் மைனி. பக்கத்து வீட்டாருக்கு வேறு சேவல் கொடுத்தோம்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. தவழ்ந்தது. தவழ்வதை நாய் கண்டுகொள்ளவில்லை. சுவரைப் பற்றி நின்றபோதும் கண்டுகொள்ளவில்லை. முதல் எட்டு வைத்த அன்று அது தலையைத் தூக்கியது.

பிள்ளை சீக்கிரம் நடக்க வேண்டும் என்று எல்லாத் தாயும் வேண்டுவாள். என் பிள்ளை ஓடாதிருக்க வேண்டும் என்று நான் ஜெபித்தேன். மைனி நடைவண்டி வாங்கி வந்தார். அதை விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். எந்நேரமும் பிள்ளை என் இடுப்பிலேயே இருந்தது. பிள்ளைக்குக் கால் கிடையாதாக்கும் என்று தெருப்பெண்கள் கேலி செய்தார்கள். கணவரிடம் சொன்னேன். நாயை ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், அவருடைய வாழ்க்கையில் ஆசைப்பட்டுக் கிடைத்த ஒரே பொருளை நான் கேட்கிறேன் என்பது தெரிந்தது. அது யாரையாவது பார்த்து ஒரு தடவை உறுமியிருக்கிறதா, சொல்லு என்றார். உறுமியதில்லை. அந்தச் சாதி உறுமாது.

ஒரு மத்தியானம், முற்றத்தில் பத்தமடைப் பாய் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. என் இரண்டு கையிலும் மாவு. பிள்ளையைக் கீழே விட்டிருந்தேன். நாய் தூங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். தெருவில் ஜட்கா வண்டியின் சலங்கை கேட்டது. பிள்ளைக்குச் சலங்கை என்றால் உயிர். பாயை மிதித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, திறந்த வாசலை நோக்கி ஓடியது. உள்ளே இருந்து மைனி கத்தினார்.

“ஏளா, பிள்ளையப் பிடி.”

என்னைத் தாண்டி ஒரு காற்று போயிற்று. பிறந்த ஊரைவிட்டு வந்தபின் அன்றுதான் அது ஓடி நான் பார்த்தேன். அவ்வளவு அழகான ஒன்றை அவ்வளவு பயத்தோடு யாரும் பார்த்திருக்க முடியாது. வாசற்படியில் பிள்ளை குப்புற விழுந்தது. ஜட்காவின் சக்கரம் ஒரு முழத்துக்கு அப்பால் உருண்டு போயிற்று. நாய் பிள்ளைக்கு மேல் நின்றது. அதன் வாய் பிள்ளையின் பிடரியில் இருந்தது. பல் இறங்கவில்லை. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தது.

அந்தப் பார்வையை நான் அறிவேன். முயலை அமுக்கிக்கொண்டு, அப்பா வருகிறாரா என்று பார்க்கிற பார்வை. ஓடிப்போனால் உதறும். அலறினால் உதறும். ஒரே உதறல்தான், முயலுக்கு அதற்குமேல் தேவைப்படாது. நான் நடந்தேன். அப்பா நடக்கிற மாதிரி, தோளைத் தளர்த்தி, பைய நடந்தேன். குந்தினேன். மாவுக் கையை அதன் தாடைக்கு அடியில் கொடுத்து, கட்டைவிரலால் பல்லின் ஓரத்தை அமுக்கினேன். வாய் திறந்தது. பிள்ளையை எடுத்துக்கொண்டேன். அது வாலை ஆட்டவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றது.

தெரு கூடிவிட்டது. சக்கரத்துக்கு அடியில் போயிருக்க வேண்டிய பிள்ளை, நாய்தான் காப்பாற்றியது என்று ஜட்காக்காரர் சத்தியம் செய்தார். மைனி முழங்காலில் நின்று அழுதார். அந்த ஞாயிறு ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தோம். கம்பவுண்டர் புல்டாக்கை மறந்தார். தையற்காரர் குட்டி போட்டால் தனக்கு ஒன்று என்று சொல்லிவைத்தார். என் கணவர் நெஞ்சு நிமிர நடந்தார்.

எல்லோரையும்விட மைனிதான் மாறிப்போனார். நான் ஒரு வார்த்தை சொன்னேன், கர்த்தர் அதுக்குக் காது குடுத்தார் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பிள்ளையை நாயின் பக்கத்தில் உட்காரவைத்தார். ஒரு சாயங்காலம் பள்ளிக்கூட ஆசிரியைகள் நாயைப் பார்க்க வந்திருந்தார்கள். நான் கிணற்றடியிலிருந்து வரும்போது மைனி பிள்ளையை முற்றத்தின் அந்தக் கோடியில் நிறுத்தி, ஓடி வா என்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். நாய் எழுந்து நின்றது. “இப்பம் பாருங்க, ஒரே வார்த்தைதான்” என்று அவர்களிடம் சொல்லி வாயைத் திறந்தார். நான் குடத்தைப் போட்டேன். செப்புக்குடம் கல்லில் விழுந்த சத்தத்தில் அந்த வார்த்தை வெளியே வரவில்லை.

கணவர் வந்ததும் விளக்கைத் தூக்கிப் பிள்ளையின் முடியை விலக்கிக் காட்டினேன். பிடரியில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நாவற்பழ நிறத்தில் கன்றிய தடம்.  அப்பாவோடு போன அந்த வேட்டையில் முயலைச் சுமந்து வந்தவர் அவர். அது எங்கே கன்றியிருந்தது என்று அவர் விரலுக்குத் தெரியும். விரல் அந்த இடத்தில் நின்றது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள், பஞ்சு ஏற்றி வந்த எங்கள் ஊர்ப் பக்கத்து வண்டிக்காரரிடம் நடந்ததை விவரித்து, என் அண்ணனை வரச் சொல்லி அனுப்பினார்.

அண்ணன் வந்தபோது மைனி முகம் கொடுக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாய் அண்ணனைக் கண்டதும் தானாகவே வண்டியில் ஏறிற்று. ஆற்றுப்பாலம் வரைக்கும் கூடவே நடந்தோம், நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. பாலத்தில் கணவர் அதன் நெற்றியைத் தடவி, என்னை மறந்துருமா மச்சான் என்று கேட்டார். நெனச்சாத்தானே மறக்கதுக்கு என்று சொல்ல வந்த அண்ணன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினான். அவர் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் அண்ணனிடம், கோடை லீவுக்குப் பிள்ளையோடு வருகிறேன், அம்மாவிடம் சொல் என்றேன். அவன் வண்டிக்குள் திரும்பிப் பார்த்தான். நாய் எங்களைப் பார்க்கவில்லை. என் இடுப்பில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு சின்னக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அன்னைக்கு அது வாயிலருந்து பிள்ளைய வாங்குனியே, அதுக்குப் பங்கு என்ன குடுத்த?” என்று கேட்டான்.

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. பிடித்ததை வாங்கிக்கொண்டால், அந்த இடத்திலேயே ஈரலை அறுத்து அப்பா அதற்குப் போடுவார். போட்டால்தான் வேட்டை முடிந்ததென்று நாய்க்குத் தெரியும். ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன்.

அண்ணன் மூக்கணாங்கயிற்றைச் சுண்டினான். மாடுகள் அசைந்தன. குரலைத் தாழ்த்தி, கணவருக்குக் கேட்காமல் சொன்னான்.

“அப்பம் அதுக்கு இன்னும் வேட்டை முடியல. இது உசுரோட இருக்க மட்டுக்கும் பிள்ளையத் தூக்கிட்டு நம்ம ஊருக்கு வராத ளா.”