முட்டையாகத் தெரிந்த கடிகாரம்

2023 ஜூன் 5: மாற்றுப் பெட்டி, ரூ. 450
ஜூன் 6: அதைக் கொடுத்து வேறு வாங்கியதில் கூடுதல், ரூ. 100
ஜூன் 6: மூன்று கலர் ஒயர், ரூ. 60
ஜூன் 11: முகம் பார்க்கும் கண்ணாடி, ரூ. 80

மருந்தையும் பஸ் செலவையும் தள்ளிவிட்டால், மாயவனின் வாய்க்காக அந்த வீட்டில் ஆன செலவு இவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு வெளியே, மலைக்குப் போகும் வேன்களுக்கு ஆள் கூப்பிடுவது அவர் பிழைப்பு. "கச்சிராயபாளையம், கரியாலூர், வெள்ளிமலை!" என்று அவர் குரல் கொடுத்தால், எதிர் ஓட்டலில் இட்லியைப் பிட்டவர்கூட அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவார். இருபது வருடமாக அந்தக் குரலில்தான் வீட்டில் உலை கொதித்தது. மாசி மாதத்தில் ஒருநாள் பக்கவாதம் வந்தது. கை கால்கள் தேறின. வாய் தேறவில்லை.

வேன்காரர் பகலவன் வந்து பார்த்தார். "மாயவண்ணே, தீபாவளி வரிக்கும் உங்க எடத்துல வேற ஆள நிறுத்த மாட்டோம். அதுக்கு மேல என்னால தாக்காட்ட முடியாதுங்க." மாயவன் தலையை மட்டும் ஆட்டினார். அன்றிலிருந்து பேருந்து நிலையத்துப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

மாதம் ஒருமுறை புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடுத்து வரவேண்டிய தேதி தபாலில் கடிதமாக வரும். இடைப்பட்ட நாட்களுக்குப் பேச்சுப் பயிற்சி மருத்துவர் சுபஸ்ரீ, தானே வாயை அசைத்துக் காட்டும் வீடியோக்களைப் போனில் அனுப்பினார். அதைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டும். போனிலோ அந்த வாய் உளுந்து அளவுதான் தெரிந்தது.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் மகள் நிர்மலாவிடம், பள்ளியில் கிடைத்த இலவச லேப்டாப் இருந்தது. அதன் திரை உடைந்திருந்தாலும் உயிர் இருந்தது. மூலையில் இலவச டி.வி. இருந்தது. இரண்டும் அரசாங்கம் கொடுத்தவைதான். ஆனால் லேப்டாப்பில் இருந்தது எச்.டி.எம்.ஐ. துளை. டி.வி.யின் முதுகில் இருந்தவை மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டு வட்டத் துளைகள். ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரிய நடுவில் ஒரு பெட்டி வேண்டும் என்றாள் நிர்மலா.

முதலில் வாங்கியது பழைய கருவியைப் புது டி.வி.யில் மாட்டுகிற பெட்டி. படம் வரவில்லை. மகள் விளக்கியதைக் கேட்டுக்கொண்டு மனைவி கொளஞ்சியம்மாள் கடைக்குப் போனார். "யப்பா, இது மலைலருந்து எறங்குற வண்டி. எங்களுக்கு ஏறுற வண்டி வேணும்" என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். சிவப்பு ஒயருக்கு இடமில்லாமல் அது தொங்கியது. படம் கறுப்பு வெள்ளையில் நடுங்கியது. பெட்டியின் பக்கத்திலிருந்த பொடி விசையை நிர்மலா தள்ளினாள். சுபஸ்ரீ கலரில் வந்து நின்றார்.

மாயவன் கையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு தினமும் உட்கார்ந்தார். டி.வி.யில் தெரியும் வாயும் கண்ணாடியில் தெரியும் வாயும் அச்சு அசலாக ஒத்துப்போகும்வரை விடமாட்டார். ஆனாலும் 'இ' வரவேண்டிய இடத்தில் ஏதோ ஒரு முனகல்தான் வந்தது. கச்சிராயபாளையம் 'கச்சு'விலேயே நின்றது.

"இன்னாய்யா, காலைலருந்து வாயக் குவிச்சிக்கினே கீற? யாருக்கு முத்தம் குடுக்கப் போற?" என்றார் கொளஞ்சியம்மாள்.

மாயவன் சிரிக்கவில்லை. ஆடி கழிந்து ஆவணியும் பிறந்துவிட்டது. தீபாவளி நெருங்க நெருங்க, பயிற்சி முடிந்த பிறகும் அவர் டி.வி.யை விட்டு எழுந்திருப்பதில்லை.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுபஸ்ரீயின் முதுகுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தின்மேல் அவர் கண் விழுந்தது. புதுச்சேரியில் அதை நேரில் பார்த்திருக்கிறார். அது வட்டம். இங்கே நெட்டுக்குத்தாக நீண்டு நிற்கிறது. அவர் திரையைத் தட்டினார். விரலால் காற்றில் ஒரு முட்டை வரைந்தார்.

"முட்டையா? அதுக்குள்ள பசிக்குதா?" கொளஞ்சியம்மாள் அடுப்படிக்குப் போய்விட்டார்.

மாயவன் தலையில் அடித்துக்கொண்டு, மறுபடி கடிகாரத்தைத் தட்டினார். பிறகு சுபஸ்ரீயின் வாயைத் தட்டினார். நிர்மலா குனிந்து பார்த்தாள்.

"ஐயோ யப்பா! அகலப் படத்த இந்தக் குட்டிப் பொட்டில புடிச்சி அமுக்கிட்டுருக்குது. அவங்க வாய இழுத்துக் காட்றாங்க, உனுக்குக் குறுகித் தெரியுது. நீயும் குறுக்கிக்கினே இருந்துக்கிற!"

அவள் லேப்டாப்பில் எதையோ மாற்றினாள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தது. படம் சிறுத்தது. கடிகாரம் வட்டமானது.

அவித்த முட்டையோடு வந்த கொளஞ்சியம்மாள் நின்று பார்த்தார். "டாக்டரம்மா ஒரு சுத்து பெருத்துட்டாங்களே!"

மாயவன் உதட்டை இரண்டு பக்கமும் இழுத்தார். இத்தனை நாள் இழுக்காத கன்னம் வலித்தது. வலியோடு மெல்லிசாக ஓர் 'இ' வந்தது. முட்டை ஆறிப்போகும்வரை அவர் அதை விடவில்லை.

தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால், திங்கட்கிழமை, அவர் வேன்களுக்கு முன்னால் போய் நின்றார். குரல் பழைய உயரத்துக்குப் போகவில்லை. கரியாலூரில் ஒருமுறை தடுக்கியது. ஆனாலும் கடுக்காய் விற்ற காலிச் சாக்கோடு நின்ற கிழவர் ஒருவர், "வெள்ளிமலைதானே?" என்று கேட்டு ஏறிக்கொண்டார். பகலவன் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக் கடிதங்கள் அதற்குப் பிறகும் வந்தன. ஒன்றில் மட்டும், அடுத்து வரவேண்டிய தேதி என்ற இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தது. இனி வரத் தேவையில்லை; அதுவே கடைசிக் கடிதம். வந்து சேர்ந்தது 2023 டிசம்பர் 18.